எஞ்சின் அறைத் தண்ணீர்: ஒரு கைப்பம்பு சொன்னதும் சொல்லாததும்

கார்ப் பட்டறைகளுக்காகச் செய்யப்பட்ட கருவி ஒன்றை நாகப்பட்டினத்தில் எங்கள் விசைப்படகின் எஞ்சின் அறைக்குள் இறக்கி, இரண்டு மீன்பிடித் தடைக்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் என்று கேட்டால் உதிரிபாகக் கடையில் எடுத்து வைப்பார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் எங்கே கசிகிறது என்று அழுத்தம் கொடுத்துக் கண்டுபிடிப்பது இதன் வேலை. பிளாஸ்டிக் பெட்டிக்குள் சைக்கிள் பம்பை நினைவூட்டும் ஒரு சிறு கைப்பம்பு, அதன் மேல் ஓர் அழுத்தமானி, ஒரு முழ நீளக் குழாய், நிறத்துக்கு ஒன்றாகப் பதினான்கு மூடி அடாப்டர்கள் ஆகியவை இருக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நான் கொடுத்த விலை 3,200 ரூபாய். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் எதுவும் இல்லை. இதே பெட்டி வெவ்வேறு ஒட்டுத்தாள்களுடன் பல கடைகளில் கிடைக்கிறது என்பதால், குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பொருளாக அல்லாமல் ஒரு வகைக் கருவியாகவே இதைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் படகில் இருப்பது ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். லாரி எஞ்சினின் வார்ப்பையே கடலுக்கேற்ப மாற்றிய வகை. லாரியில் ரேடியேட்டர் செய்யும் வேலையை இங்கே ஹீட் எக்ஸ்சேஞ்சர் செய்கிறது. எஞ்சினுக்குள் சுற்றுவது கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர். படகின் அடிவால்வு வழியாக உப்புத் தண்ணீர்ப் பம்பு இழுத்துவரும் கடல்நீர், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய செப்பு-நிக்கல் குழாய்களுக்குள் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு விலாப்பக்கமாக வெளியே கொட்டுகிறது. இரண்டு தண்ணீரும் ஒன்றையொன்று தொடக் கூடாது. எஞ்சின் அறையில் தண்ணீர் நிற்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது இந்த இரண்டில் எந்தத் தண்ணீர் என்பதுதான். எங்களுக்கு அந்தக் கேள்வி மிகத் தாமதமாகத்தான் தோன்றியது.

கருவி வாங்கிய ஆண்டில், மார்ச் மாதம் முழுவதும் இரண்டு தொல்லைகள் சேர்ந்தே நடந்தன. எஞ்சின் அறையின் அடியில் தேங்கும் தண்ணீரை முன்பு நாளைக்கு ஒருமுறை இறைத்தால் போதும்; இப்போது நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மோட்டார் ஓட வேண்டியிருந்தது. கூடவே, எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் ஊற்றும் மேல்தொட்டியில் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் குறைந்துகொண்டிருந்தது. மேலே குறைவதுதான் கீழே தேங்குகிறது என்று நாங்களாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டோம். ஒன்றரை லிட்டர் தண்ணீர் எப்படிப் பல குடம் தண்ணீராகும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அழைத்துவந்த மெக்கானிக் எல்லா ஹோஸ் கிளிப்புகளையும் இறுக்கினார். உப்புத் தண்ணீர்ப் பம்பின் அடியில் ஒரு துளையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, அதில் எம்-சீலைப் பிசைந்து அடைத்துவிட்டு, "இனி ஒரு சொட்டு வராது அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடி ஒரு சொட்டும் வரவில்லை. ஐந்தாம் நாள் ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தபோது எஞ்சின் ஆயில் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தது.

அந்தத் துளை வார்ப்புக் குறையோ தேய்மானமோ அன்று. தயாரிப்பாளர் வேண்டுமென்றே விட்டது. பம்பின் தண்டில் இரண்டு சீல்கள் உண்டு. ஒன்று கடல்நீரைத் தடுப்பது; மற்றொன்று எஞ்சின் ஆயிலைத் தடுப்பது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அந்தத் துளை வழியாக வெளிக்காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். துளையில் தண்ணீர் சொட்டினால் தண்ணீர்ச் சீல் தேய்ந்துவிட்டது, ஆயில் சொட்டினால் ஆயில் சீல் போய்விட்டது என்று படித்துக்கொள்ளலாம். அதை அடைத்தால் தண்ணீருக்கு உள்ளே போவதைத் தவிர வேறு வழியில்லை. பல்சக்கரத்தால் ஓடும் பம்பாக இருந்தால் கடல்நீர் ஆயில் சீலைத் தாண்டி நேராக எஞ்சினுக்குள் இறங்கும், பெல்ட்டால் ஓடும் பம்பாக இருந்தால் பேரிங்கைத் தின்னும். ஆயிலையும் ஃபில்டரையும் இரண்டு முறை மாற்றினோம். பம்பின் சீல்கள் விலை அதிகமில்லாதவை. இரண்டு முறை நிரப்பிய ஆயிலின் விலையை இங்கே எழுத மனம் வரவில்லை.

இந்த நிலையில்தான் கருவியை வாங்கினேன். ஆனால் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. அதற்குச் செலவு எதுவும் இல்லை. எஞ்சினையும் அதன் கீழ்த்தளத்தையும் நன்றாகத் துடைத்து உலர்த்தி, சந்தேகமுள்ள இடங்களில் முகப்பவுடரைத் தூவி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கசிந்த இடத்திலேயே சொட்டுவதில்லை. ஹோஸின் வயிற்றுப்பகுதி வழியாக ஓடி, அது தாழும் இடத்தில்தான் விழும். ஷாஃப்ட் இணைப்புச் சக்கரமோ அடியில் நிற்கும் தண்ணீரை வாரி நாலாபக்கமும் அடிப்பதால், பார்ப்பவருக்கு எல்லா இடமும் ஒழுகுவதுபோலவே தெரியும். பவுடர் மேல் விழும் கோடு பொய் சொல்லாது. தாளில் விழுந்த கறை கூலன்ட்டின் நிறத்தில் (எங்களுடையது பச்சை) இருந்தால் கூலன்ட். காய்ந்தபின் வெள்ளைப் பூவாகப் பூத்தால் கடல்நீர். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம் துறைமுகங்களில் உண்டு. உப்புக் கரிப்பைக் கண்டுபிடிக்க அது போதும் என்றாலும், கூலன்ட்டில் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு என்பதால் நிறம் தெரியும் தண்ணீரை நாக்குக்குக் கொண்டுபோகவே கூடாது.

இன்னொன்று, இந்தச் சோதனையைப் படகைக் கரையேற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால், பழுதுபார்ப்பை எல்லாம் அதற்கென்று தள்ளிவைத்துவிட்டு, படகைக் கரையில் ஏற்றியபின் மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் எங்கள் வழக்கமாக இருந்தது. கரையில் ஏறிய படகில் கடல்நீர்க் கசிவு எதுவுமே தெரியாது. காய்ந்து கிடக்கும் எஞ்சின் அறையைப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிடுவார்கள். ஜூன் 15 அன்று கடலுக்குப் போனபின் பழைய கதை தொடங்கும்.

இனிக் கருவிக்கு வருகிறேன். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறப்பது ஆபத்து என்பதோடு, தண்ணீர் ஆற ஆற அழுத்தம் தானாகவே இறங்குவதால் கசிவே இல்லாத எஞ்சினிலும் முள் கீழே வரும். மேல்தொட்டியைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். உள்ளே காற்று மிச்சமிருந்தால் அது தலையணைபோல் அமுங்கி நின்று சிறிய கசிவை மறைத்துவிடும். தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தாலும் முள் மெதுவாகத்தான் நகரும். பிறகு மூடிக்குப் பதிலாக அடாப்டரைப் பூட்டி, பழைய மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம் வரை அடிக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு தடவைகூட அடிக்கக் கூடாது. எங்கள் மூடி 7 பவுண்டு, அதாவது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு. சில எஞ்சின்களில் 15 பவுண்டு இருக்கும். இந்த அழுத்தத்தால்தான் சாதாரணத் தண்ணீர் 7 பவுண்டில் ஏறத்தாழ 111 டிகிரி வரையிலும் 15 பவுண்டில் ஏறத்தாழ 121 டிகிரி வரையிலும் கொதிக்காமல் தாங்குகிறது. ஓடும் எஞ்சின் சூட்டில் தரும் அழுத்தத்தை நின்ற எஞ்சினில் குளிராகவே கொடுத்து, நிதானமாக டார்ச் அடித்துப் பார்க்க உதவுகிறது என்பதே இக்கருவியின் மொத்தப் பயன்.

முதல் நாள் எட்டு முறை அடித்ததும் முள் 7-இல் நின்றது. பத்து நிமிடத்தில் 4-க்கு வந்தது. வெளியே ஓர் ஈரம்கூட இல்லை. மறுபடி அடித்தேன், மறுபடி 4. அப்போதுதான் சந்தேகம் வந்து, பம்பு குழாயோடு சேரும் பித்தளை இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினேன். நுரை மெல்ல ஊதியது. கசிந்துகொண்டிருந்தது கருவியேதான். உள்ளிருந்த ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் தட்டையாகிக் கிடந்தது. வேறு ஓ-ரிங்கைப் போட்டு, ஒரு காலி மூடியில் பூட்டி அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றதைப் பார்த்தபின் மீண்டும் எஞ்சினில் வைத்தேன். இந்த முறை 7 பத்து நிமிடத்தில் 5½ ஆனது. ஆக எஞ்சினிலும் கசிவு உண்டு, கருவியிலும் கசிவு இருந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் கருவியையே சோதியுங்கள்.

அழுத்தமானி 35 பவுண்டு வரை காட்டும். காருக்கு அது சரி. 7 பவுண்டு மூடிக்கு முள் முதல் கால்வாசிக்குள்ளேயே நடமாடுவதால், அரைப் பவுண்டு இறக்கத்தைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். முள்ளுக்கு நேராக ஒரு மெல்லிய பேனாக் கோடு போட்டுக்கொள்வதுதான் என் வழி. அடாப்டர்கள் பற்றிய ஏமாற்றம் இதைவிடப் பெரியது. பதினான்கில் எங்கள் மேல்தொட்டியின் கழுத்துக்குப் பொருந்தியது ஒன்றுகூட இல்லை. "எந்த எஞ்சினுக்கும் சேரும் சார்" என்று கடையில் சொன்ன வார்த்தை கார்களுக்கு மட்டும் உண்மை. மேலே சொன்ன சோதனைக்கு முன்பே, எங்கள் பழைய மூடியையே லேத்துப் பட்டறையில் கொடுத்து, நடு வால்வை எடுத்துவிட்டு ஒரு பித்தளை நிப்பிளை வைத்துப் பற்றவைத்து வாங்கினேன். செலவு 250 ரூபாய். கடைக்குப் போகும்போது மூடியைக் கையோடு கொண்டுபோங்கள் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி அந்தக் கருவி உண்மையிலேயே காசை மீட்டுக் கொடுத்த இடம். வெளியே ஈரம் இல்லை, அழுத்தம் மட்டும் இறங்குகிறது என்றால் நல்ல தண்ணீர் உள்ளுக்குள் எங்கோ போகிறது என்று பொருள். எஞ்சினை ஓட்டாமல் அழுத்தத்தோடு இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் சம்ப்பின், அதாவது எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியின், அடித்திருகை மெல்லத் தளர்த்தினோம். லைனரின் (சிலிண்டரின் உள்ளுறை) அடி ஓ-ரிங்கோ ஹெட் கேஸ்கட்டோ (சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போயிருந்தால், ஆயிலைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கி, ஆயிலுக்கு முன்னால் அதுவே வெளியே வரும். எங்களுக்கு முதல் துளியே ஆயில். அந்த ஒரு துளியைக் கண்டபோது வந்த நிம்மதியை எஞ்சின் இறக்கிச் செலவு செய்தவர்கள் அறிவார்கள்.

அடுத்தது ஹீட் எக்ஸ்சேஞ்சர். அடிவால்வை மூடி, கடல்நீரை வடித்து, இருபக்க மூடிகளையும் கழற்றினோம். உள்ளே குழாய்களின் வாய்கள் தேன்கூட்டைப் போல் வரிசை வரிசையாகத் தெரிந்தன. உலர்ந்த துணியால் எல்லா வாய்களையும் ஒற்றியெடுத்துவிட்டு 7 பவுண்டு அடித்தேன். மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு கீழிருந்து மூன்றாம் வரிசையில் ஒரு குழாயின் வாயில் பச்சை நிறத்தில் ஒரு கண்ணீர்த் துளி திரண்டு, சற்று நேரம் தயங்கி நின்று, வழிந்தது. துடைத்தேன், மறுபடி திரண்டது. மேல்தொட்டியில் குறைந்த ஒன்றரை லிட்டர் போன வழி அதுதான். ஓடும்போது நல்ல தண்ணீரின் அழுத்தம் கடல்நீரின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால், கூலன்ட் அந்தப் பொத்தல் வழியாகக் கடல்நீரோடு கலந்து விலாப்பக்கமாக வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. எஞ்சின் அறையில் அதன் சுவடே இருக்காது. இப்படியே விட்டிருந்தால், எஞ்சின் நின்று ஆறிய நேரத்தில் கடல்நீர் எதிர்த்திசையில் உள்ளே வந்து வார்ப்பையே அரிக்கத் தொடங்கியிருக்கும்.

அந்தக் குழாயின் இரு முனைகளையும் கூம்பு வடிவப் பித்தளைக் கட்டையால் அடைத்தோம். பல பத்துக் குழாய்களில் ஓரிரண்டை அடைப்பதால் குளிர்விப்பு பெரிதாகக் குறையாது. எண்ணிக்கை கூடினால் அடைப்பதோடு மல்லுக்கட்டாமல் குழாய்த் தொகுதியையே மாற்றிவிட வேண்டும். பொத்தல் ஏன் வந்தது என்பதற்கும் பதில் அங்கேயே கிடைத்தது. மூடியில் திருகியிருக்க வேண்டிய துத்தநாகத் துண்டு முழுவதும் கரைந்துபோய், பித்தளைத் தலை மட்டும் மிஞ்சியிருந்தது. கடல்நீரில் முதலில் அரிபடுவதற்கென்றே வைத்த துண்டு அது. அது தீர்ந்தபின் உப்பு அடுத்துப் பிடித்தது குழாயை. சில ஹீட் எக்ஸ்சேஞ்சர்களில் பக்கமூடிதான் குழாய்த் தொகுதியின் ஓ-ரிங்கையும் அழுத்திப் பிடிக்கும். அவ்வகையில் மூடியைக் கழற்றினால் நல்ல தண்ணீரே கொட்டிவிடும் என்பதால் இந்தச் சோதனை அப்படியே நடக்காது, தொகுதியைத் தனியாக எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இக்கருவியால் வேறு சில வேலைகளும் உண்டு. மூடியின் ஸ்பிரிங் குறித்த அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்க்கலாம். வார்ப்பின் பக்கவாட்டில் அடித்திருக்கும் கிண்ணம் போன்ற கோர் பிளக்குகளில், துருவுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஊசித்துளை அழுத்தத்தில் வியர்த்துக் காட்டிக்கொடுக்கும். ஹெட் கேஸ்கட்டில் சந்தேகமிருந்தால் கருவியைப் பூட்டியபடியே குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, சூடேறுவதற்கு முன்பே முள் துடித்து ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஏறினால் சிலிண்டருக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். ஏறத் தொடங்கிய கணமே எஞ்சினை நிறுத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

எல்லாம் முடிந்தபின்னும் எஞ்சின் அறையில் தண்ணீர் தேங்கிக்கொண்டுதான் இருந்தது. அது கருவியின் குற்றமன்று. நல்ல தண்ணீர்ச் சுற்றைத் தவிர வேறெதையும் அது பார்ப்பதில்லை. எங்கள் படகில் தேங்கிய தண்ணீரில் பெரும்பங்கு கடல்நீர். அதில் கொஞ்சம் பம்பின் துளையிலிருந்து வந்தது, சீல்களை மாற்றியதும் நின்றது. கொஞ்சம் அடிவால்வுக்கு அடுத்த ஹோஸில் வந்தது. அங்கே மாட்டியிருந்த கிளிப்பின் பட்டை துருப்பிடிக்காத எஃகு, திருகு மட்டும் சாதாரண இரும்பு. துருவேறி இற்றுப்போன திருகை எத்தனை முறை இறுக்கினாலும் பிடிக்காது. இப்போதெல்லாம் கிளிப் வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோய், பட்டையையும் திருகையும் தனித்தனியே தொட்டுப் பார்க்கிறேன், கடைக்காரர் சிரிக்கிறார்.

மிச்சம் முழுவதும் ஷாஃப்ட் கிளாண்டில், அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் துளையைப் பேக்கிங் கயிறு திணித்து அடைத்திருக்கும் இடத்தில், வந்தது. இதில் எங்கள் பக்கமும் தவறு உண்டு. பேக்கிங் கயிறு தேயத் தேய, நட்டை இறுக்கி இறுக்கி, கயிறு கரித்துண்டாகி, ஷாஃப்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. பேக்கிங் போட்ட கிளாண்ட் சொட்டத்தான் வேண்டும். ஷாஃப்டைக் குளிர்விப்பதும் மசகிடுவதும் அந்தத் தண்ணீர்தான். ஷாஃப்டைக் கழற்றித் தேய்ந்த இடத்துக்கு ஸ்லீவ் போட்டு, பழைய கயிற்றை ஒரு துணுக்குகூட விடாமல் கொக்கியால் இழுத்தெடுத்து, புதிய கயிற்றை வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொரு வளையத்தின் இணைப்பும் முந்தையதன் இணைப்புக்கு நேரே வராதபடி திருப்பி வைத்து அடுக்கினோம். பழைய கயிற்றின் மேலேயே புதிதை ஒரு சுற்றுச் சுற்றித் திணிக்கும் வழக்கத்தை இனியாவது விட்டுவிடலாம்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை தருவேன். ஓ-ரிங்குக்கும் அழுத்தமானிக்கும் ஒன்று, பொருந்தாத அடாப்டர்களுக்கு அரை என்று கழித்துக்கொண்டேன். நல்ல தண்ணீர்ச் சுற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் உள்ள எஞ்சின் வைத்திருப்பவர்கள், அல்லது நான்கைந்து படகுக்காரர்கள் சேர்ந்து, தாராளமாக வாங்கலாம். தடைக்காலத்தில் எங்கள் பெட்டி ஒரு நாள்கூட எங்கள் வீட்டில் இருப்பதில்லை. கடல்நீரையே நேராக எஞ்சினுக்குள் ஓடவிட்டுக் குளிர்விக்கும் சிறிய எஞ்சின்களுக்கு அழுத்த மூடியே கிடையாது. அவர்கள் இந்தக் காசுக்கு பம்புக்குள் சுழலும் இறக்கையான இம்பெல்லர் ஒன்றும் நல்ல கிளிப்புகளும் வாங்கி வைத்துக்கொள்வது மேல். உப்புக் காற்றில் பம்பின் இரும்புத் தண்டு ஒரே மாதத்தில் சிவந்துவிடுவதால், ஒவ்வொரு முறையும் ஆயில் துணியால் துடைத்துத்தான் பெட்டிக்குள் வைக்கிறேன். கிளாண்ட் இப்போது ஷாஃப்ட் ஓடும்போது நிமிடத்துக்கு நாலைந்து சொட்டு விடுகிறது; நின்றால் நின்றுவிடுகிறது.